கிரனாடாவில் ஒரு சஹன் சோறு

“உம்ராவுக்கு ஆகும் பணத்தைக் கொண்டு ஊர் சுற்றப் போகிறீர்களாமே!”

எங்கள் பயணச் செய்தி வெளியே தெரிந்ததும், மதரஸாவில் என்னுடன் பணிபுரியும் மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கேட்டவர் என்மீது அன்புள்ளவர். கேள்வியிலும் நியாயம் இருந்தது. வல்ல இறைவனின் அருளால் நானும் என் இல்லாளும் உம்ராவை முன்பே நிறைவேற்றியிருந்தோம் என்று கூறி அப்போதைக்கு விடைபெற்றேன். ஆயினும், ‘ஏன் ஸ்பெயின்? அங்கிருந்து என்ன கொண்டு வரப் போகிறோம்?’ என்ற வினா விமானம் ஏறும்வரை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதற்கான விடை அரண்மனைகளில் கிடைக்கும் என்று எண்ணிச் சென்றேன். அஃது ஓர் அடுக்களையில் கிடைத்தது. அந்த அனுபவத்தை நம் குடும்பத்தாருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு குடும்பம், ஒரு சீட்டு

இராயப்பேட்டை புதுக் கல்லூரியில் ஒன்றாகப் பயின்ற நண்பர்கள் நால்வர் நாங்கள். நான் படித்தது வரலாறு. நண்பர்களுள் ஒருவர் தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்கு அருகே துணி வணிகம் செய்கிறார். இன்னொருவர் அடையாறு காந்தி நகரில் வசிக்கும் வங்கி அலுவலர். மற்றொருவர் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிப் பக்கம் குடியிருக்கும் ஆடிட்டர்; பரம்பரையாகச் சைவ உணவு உண்ணும் குடும்பத்தவர். நானும் மயிலாப்பூரில்தான், கச்சேரி சாலைப் பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என் இல்லத்தில் நடந்த பெருநாள் விருந்தின்போது, நான்கு குடும்பமும் ஒருமுறை சேர்ந்து கடல் கடந்து சென்றுவர வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. எங்களுக்குள்ளாகவே வட்டியில்லாச் சீட்டு ஒன்றைத் தொடங்கினோம். மதரஸா ஆசிரியனின் ஊதியம் வாசகர்கள் அறியாததன்று. எங்கள் பங்கைப் பெரிதும் தாங்கியது பள்ளி ஆசிரியையாகிய என் இல்லாளின் சம்பளமே. எந்த ஊர் என்ற கேள்வி வந்தபோது, வரலாறு படித்தவன் என்ற உரிமையில் நான் கிரனாடாவின் பெயரைச் சொன்னேன். மறுப்பு எழவில்லை.

சென்ற டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில் புறப்பட்டோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினாறு பேர். எல்லோரிலும் மூத்தவர் தி.நகர் நண்பரின் தாயார். கீழக்கரையில் பிறந்தவர், எழுபத்தாறு வயது. நாங்கள் அனைவரும் அவரை ‘உம்மா’ என்றே அழைத்தோம். மயிலாப்பூர் நண்பர் ‘அம்மா’ என்பார். குளிர் நாட்டுக்கு அந்த வயதில் வேண்டாம் என்று மகன் தடுத்துப் பார்த்தார். “என் வாப்பா கடல் மேலேயே வாழ்ந்தவங்க. எனக்கென்ன?” என்று சொல்லி அவர் முதல் ஆளாகப் பெட்டியைக் கட்டிவிட்டார்.

பெட்டிகளின் கதை தனிக் கதை. தி.நகர்ப் பெட்டியில் மாசிச் சம்பலும் இடியாப்ப மாவும் இருந்தன. மயிலாப்பூர்ப் பெட்டியில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் நாரத்தங்காய் ஊறுகாயும் இருந்தன. வெளிநாட்டிலிருந்து இறைச்சியையும் பால் பொருள்களையும் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. அதனால் நெய் டின்னை மட்டும் கடைசி நேரத்தில் வீட்டிலேயே வைத்துவிட நேர்ந்தது. அந்த நெய் பின்னர் எங்களுக்கு ஒரு பாடம் கற்பிக்கப் போகிறது என்பதை அப்போது அறியோம்.

அவரைக்காயிலும் பன்றி இறைச்சி

தலைநகர் மத்ரிதிலிருந்து தெற்கே ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கிரனாடா. பேருந்தில் சென்றோம். வழியில் ஹாயென் மாகாணத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சைத்தூன் மரங்கள், குன்றுகள் மீதெல்லாம் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட சைத்தூன் மரங்கள் உள்ளனவாம். மறையில் இறைவன் சத்தியமிட்டுக் கூறும் மரத்தைப் பிள்ளைகள் முதன்முதலில் கண்ணால் கண்டது அங்கேதான்.

மலைச் சரிவில் அமைந்த அல்பைசின் என்னும் பழைய முஸ்லிம் குடியிருப்பில், சமையலறையுடன் கூடிய பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். தோட்டத்தோடு கூடிய அத்தகைய வீட்டை அங்கே ‘கார்மென்’ என்கிறார்கள். திராட்சைத் தோட்டத்தைக் குறிக்கும் ‘கர்ம்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. தெருக்கள் குறுகலானவை, கூழாங்கல் பாவியவை. எதிர்க் குன்றில் அல்ஹம்றா. அதற்கும் அப்பால் பனி மூடிய சியர்ரா நெவாடா மலைத் தொடர்.

முதல் நாள் மதியமே உணவுச் சிக்கல் தொடங்கிற்று. கிரனாடாவில் ஒரு வழக்கம் உண்டு. பானம் ஒன்று வாங்கினால் ‘தாபா’ எனப்படும் சிறு தட்டு உணவைக் காசில்லாமல் தருவார்கள். ஆனால் அக்கடைகள் பெரும்பாலும் மதுக்கடைகள். தட்டில் வருவதும் பெரும்பாலும் பன்றித் தொடை இறைச்சி. அவற்றை விட்டு விலகி ஓர் உணவகத்தில் அமர்ந்தோம். மயிலாப்பூர் நண்பர் பட்டியலில் அவரைக்காய் என்று பொருள்படும் சொல்லைக் கண்டு மகிழ்ந்து, அதையே தமக்குச் சொன்னார். வந்த தட்டில் அவரை விதைகளுக்கு நடுவே பன்றி இறைச்சித் துண்டுகள்! அந்நகரின் பெயர்பெற்ற பக்குவமே அதுதானாம்.

நண்பர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஹலால் பார்க்கும் உங்களுக்கும் சைவம் பார்க்கும் எங்களுக்கும் இந்த ஊரில் ஒரே வியாதி, ஒரே மருந்து” என்றார். அன்று மாலைக்குள் ‘இது இல்லாமல்’ என்று கேட்பதற்கான ஸ்பானியச் சொற்களை அவருடைய மகள் எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு கடையிலும் அந்தச் சிறுமியே எங்களுக்கும் சேர்த்து விசாரித்தாள். கிறிஸ்துமஸ் காலமாதலால் ‘மான்தெகாதோ’ என்ற இனிப்பு எங்கும் குவிந்திருந்தது. பிள்ளைகள் கை நீட்டியபோது, தலையில் முக்காடிட்ட எங்கள் பெண்களைப் பார்த்துவிட்டு, கடைக்காரப் பெண்மணியே விரலை ஆட்டித் தடுத்தார். அது பன்றிக் கொழுப்பில் செய்வது என்று சைகையாலேயே உணர்த்தினார். விற்பனையை இழந்து எங்கள் பேணுதலைக் காத்த அந்தக் கிறிஸ்தவச் சகோதரியை எங்கள் பெண்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

நாரத்தையின் நெடும்பயணம்

மறுநாள் எங்களுக்கேற்ற உணவுகள் ஒவ்வொன்றாகப் புலப்படலாயின. கத்தரிக்காயை மெல்லிதாக அரிந்து மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருகிறார்கள். கத்தரிக்காயும் கரும்பும் அந்நாட்டு மண்ணுக்கு அரபு முஸ்லிம்கள் கொண்டு சென்றவை. பிரியாணிக்குக் கத்தரிக்காய்ப் பச்சடி தொட்டுக்கொள்ளும் நமக்கு அந்தச் சுவை அந்நியமாகத் தோன்றவில்லை. ‘ரெமொஹோன்’ என்பது ஆரஞ்சுச் சுளை, மீன், சைத்தூன் காய், வெங்காயம் ஆகியவற்றைச் சைத்தூன் எண்ணெயில் கலந்தது. மீனை நீக்கி மயிலாப்பூர்க் குடும்பமும், மீனோடு நாங்களும் உண்டோம்.

சமையற் சொற்களைக் கேட்கக் கேட்க அரபு பயிற்றும் எனக்கு வியப்பு மேலிட்டது. அரிசிக்கு அங்கே ‘அர்ரோஸ்’, அரபியில் ‘அர்-ருஸ்’. சர்க்கரை ‘அஸூகார்’, அரபியில் ‘அஸ்-ஸுக்கர்’. எண்ணெய் ‘அஸெய்தே’, அரபியில் ‘அஸ்-ஸைத்’. குங்குமப்பூ ‘அஸஃப்ரான்’, நாம் ‘ஸஃப்ரான்’ என்கிறோம். ‘இறைவன் நாடினால்’ என்ற பொருளில் முஸ்லிம்கள் சொல்லி வந்த சொல், ‘அவ்வாறே ஆகட்டும்’ என்ற பொருளில் ‘ஓஹலா’ என்று இன்றும் கிறிஸ்தவர் நாவில் வழங்குகிறது.

தெருவோர மரங்களில் கசப்பு ஆரஞ்சு காய்த்துத் தொங்கியது. அதை ‘நரான்ஹா’ என்றனர். அரபியில் ‘நாரஞ்ச்’, பார்சியில் ‘நாரங்’, வடமொழியில் ‘நாரங்க’. அதன் வேர் திராவிட மொழிச் சொல்லே என்று சொல்லாய்வாளர் பலர் கருதுவர். அதாவது, நம் நாரத்தையின் உறவு. இதை நான் சொன்னதும் மயிலாப்பூர் நண்பரின் துணைவியார் ஊறுகாய்ப் புட்டியை எடுத்து மேசைமீது வைத்தார். “அப்படியானால் இது தாய்வீட்டுச் சீர்” என்றார்.

சிவப்புக் கோட்டையில்

அல்ஹம்றாவுக்குப் பாஸ்போர்ட் விவரங்களுடன் முன்கூட்டியே சீட்டு எடுத்திருந்தோம். உள் அரண்மனைக்குள் நுழையக் குறித்த நேரம் தவறினால் அனுமதி இல்லை. செல்ல விரும்பும் வாசகர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ‘அல்ஹம்றா’ என்றால் சிவந்தது. நஸ்ரீ வம்சத்தின் முதல் மன்னர் முஹம்மது இப்னுல் அஹ்மர் 1238-இல் இதை எழுப்பத் தொடங்கினார். பதினான்காம் நூற்றாண்டில் முதலாம் யூசுஃபும் ஐந்தாம் முஹம்மதும் இன்று நாம் காணும் எழிலைச் சேர்த்தனர். பன்னிரு கல் சிங்கங்கள் தாங்கும் நீரூற்று, சுவரெங்கும் இப்னு ஸம்ரக் போன்ற புலவர்களின் கவிதை வரிகள், தேன்கூடுபோல் செதுக்கிய விதானங்கள் ஆகியவற்றைக் கண்டு தி.நகர் நண்பர் கண் கலங்கினார்.

“இவையெல்லாம் நம்முடையவை. எல்லாம் போய்விட்டதே!” என்றார்.

உண்மையில் என் நெஞ்சிலும் அதே வார்த்தைகள்தாம் இருந்தன. அந்தலூஸைப் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் பெரும்பாலும் பெருமையில் தொடங்கிப் புலம்பலில் முடிகின்றன. உம்மா மட்டும் சுவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்களில் மீண்டும் மீண்டும் செதுக்கப்பட்டிருந்த வாசகத்தை விரலால் காட்டி எழுத்துக் கூட்டி வாசித்தார்: ‘வலா காலிப இல்லல்லாஹ்.’ அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் எவனுமில்லை என்பது அதன் பொருள். நஸ்ரீ மன்னர்களின் விருது வாக்கு அதுவே.

“ஜெயிக்கிறவன் அவன் ஒருத்தன்தான்னு கட்டினவங்களே எழுதி வச்சிட்டாங்களே, வாப்பா. நாம என்னத்துக்கு அழணும்?” என்றார் உம்மா.

வரலாறும் அதையே சொல்கிறது. தந்தை அபுல் ஹசன் அலியும் மகன் அபூ அப்துல்லாஹ்வும் சிறிய தந்தை அஸ்-ஸகலும் ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் பகைவர் ஊர் ஊராகக் கைப்பற்றி வந்தனர். 1492 ஜனவரி 2 அன்று நகரம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வெற்றியைக் கிரனாடா இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. அந்த விழா தேவையா என்ற விவாதமும் அந்நகர மக்களிடையே உண்டு.

அன்று அஸர் தொழுகையை அல்பைசினில் உள்ள பள்ளிவாசலில் நிறைவேற்றினோம். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் 2003-இல் திறக்கப்பட்ட பள்ளி அது. அதன் தோட்டத்தில் நின்றால் எதிரே அல்ஹம்றா தெரிகிறது.

சதுக்கத்தில் எரிந்தவை

நகரின் நடுவே ‘பிப்-ரம்ப்லா’ என்றொரு சதுக்கம். ‘மணல்வெளி வாசல்’ என்ற பொருளுடைய ‘பாபுர் ரம்லா’ என்ற அரபுப் பெயரே அப்படித் திரிந்தது. அங்கே சுர்ரோ என்ற பலகாரம் பெயர்பெற்றது. நம் தேன்குழல்போல் மாவை எண்ணெயில் பிழிந்து பொரித்து, கெட்டியான சாக்லேட் பானத்தில் தோய்த்து உண்கிறார்கள். எண்ணெய் இன்னதென்று விசாரித்துத் தெளிந்தபின் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தோம். குளிருக்கு இதமாக அவர்கள் உண்டுகொண்டிருந்தபோது, நான் அந்தச் சதுக்கத்தின் கதையைச் சொன்னேன்.

நகரை ஒப்படைக்குமுன் 1491 நவம்பரில் செய்துகொண்ட உடன்படிக்கை, முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் மொழிக்கும் பாதுகாப்பு அளித்திருந்தது. எட்டே ஆண்டுகளில், 1499-இல் கிரனாடாவுக்கு வந்த சிஸ்னெரோஸ் என்ற பேராயர் கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். அரபு நூல்கள் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டு இச்சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் விலக்குப் பெற்றன.

பிள்ளைகளின் கைகள் நின்றுவிட்டன. “எல்லாப் புத்தகத்தையுமா?” என்று என் இளைய மகன் கேட்டான்.

அங்கிருந்து சில நிமிட நடையில், அரச தம்பதியர் பெர்டினாண்டும் இசபெல்லாவும் அடக்கமாகியுள்ள தேவாலயத்துக்கு எதிரே, முதலாம் யூசுஃப் 1349-இல் நிறுவிய மதரஸா இருக்கிறது. கட்டடம் பின்னாளில் மாற்றிக் கட்டப்பட்டுவிட்டது. இன்று கிரனாடா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. ஆனால் உள்ளே தொழுகைக் கூடமும் மிஹ்ராபும் எஞ்சியிருக்கின்றன. இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் சொல்லும் நான், அந்தக் கூடத்தில் ஓர் ஓரமாக நின்றேன். என்னைப் போன்ற எத்தனை ஆசிரியர்கள் அங்கே அமர்ந்து பாடம் சொல்லியிருப்பார்கள்! கடைசிப் பாடத்தைச் சொன்னவர், அதுதான் கடைசி என்று அறிந்திருப்பாரா?

சோறே சாட்சியான காலம்

அன்றிரவு நெய்ச்சோறு ஆக்குவதென்று பெண்கள் முடிவு செய்தனர். மொரோக்கோ நாட்டவர் ஒருவரின் கடையில் ஹலால் இறைச்சி கிடைத்தது. நெய் இல்லை. அந்நாட்டு அரிசியோ குட்டையானது, விரைவில் குழையும். உம்மா அடுப்படிக்கு வந்தார். “நெய்யில்லாட்டி என்ன? இந்த ஊர் எண்ணெய் இருக்கே” என்று சைத்தூன் எண்ணெயைக் காய்ச்சிப் பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்தார். பக்கத்து அடுப்பில் மயிலாப்பூர்க் குடும்பத்தின் தனிப் பாத்திரத்தில் புளிக்காய்ச்சல் சோறு தயாராயிற்று. இரு அடுப்புக்கும் கரண்டிகூட மாறவில்லை. பேச்சு மட்டும் தாராளமாக மாறிக்கொண்டது.

சோறு சற்றுக் குழைந்துதான் போயிற்று. ஆனால் மணம் வீட்டை நிறைத்தது. தரையில் விரிப்பு விரித்து, கடைத்தெருவில் வாங்கிய பெரிய பீங்கான் தட்டுகளில் சோற்றைக் கொட்டி, நம் ஊர் வழக்கப்படி சஹனைச் சுற்றி நால்வர் நால்வராக அமர்ந்தோம். மயிலாப்பூர்க் குடும்பம் தங்கள் இலைத் தட்டுகளுடன் எங்கள் பக்கத்திலேயே அமர்ந்தது.

அப்போது எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. சொல்லாமல் இருக்க இயலவில்லை. அந்தலூஸ் வீழ்ந்தபின் பலவந்தமாக ஞானஸ்நானம் செய்விக்கப்பட்ட முஸ்லிம்களை ‘மொரிஸ்கோ’ என்று அழைத்தனர். அவர்கள் மறைவில் இஸ்லாத்தைப் பேணுகிறார்களா என்று கண்டறிய மத விசாரணை மன்றம் தேடிய சாட்சியங்களுள் முதன்மையானவை அடுக்களையில் இருந்தன. பன்றி இறைச்சியையும் மதுவையும் மறுத்தல், கொழுப்பை விடுத்து எண்ணெயில் சமைத்தல், தரையில் அமர்ந்து கூஸ்கூஸ் உண்ணல், வெள்ளிக்கிழமை தூய ஆடை உடுத்தல், மருதாணி இடுதல் ஆகியவை குற்றத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. 1567-இல் பிறந்த ஆணை அரபு மொழியையும் ஆடையையும் குளியல் கூடங்களையும் தடை செய்தது. மூன்றாண்டுகளுக்குள் அனைவரும் ஸ்பானியம் கற்க வேண்டும் என்றது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும் என்றது. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலெய் என்ற முதிய மொரிஸ்கோ பிரமுகர், அரபு பேசும் கிறிஸ்தவர்கள் கீழை நாடுகளில் இல்லையா என்று கேட்டு விண்ணப்பம் எழுதினார். பயனில்லை. அடுத்த ஆண்டே கிளர்ச்சி வெடித்தது, கடுமையாக ஒடுக்கப்பட்டது. இறுதியில் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 லட்சம் மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டனர்.

அந்த நாடுகடத்தலுக்கு ஆணையிட்ட மூன்றாம் பிலிப் மன்னருக்கும் எங்கள் மயிலாப்பூருக்கும் தொடர்புண்டு. போர்ச்சுகீசியர் குடியேறிய சாந்தோம், 1580 முதல் 1640 வரை போர்ச்சுகல் ஸ்பெயின் மன்னரின் முடியின்கீழ் இருந்தமையால், அதே மன்னருக்கு உட்பட்டிருந்தது. “நம் சாந்தோமா?” என்று வியந்தார் மயிலாப்பூர் நண்பர்.

எவரும் சிறிது நேரம் பேசவில்லை. எண்ணெயில் ஆக்கிய சோற்றைத் தரையில் அமர்ந்து ஒரே தட்டில் நாங்கள் உண்டுகொண்டிருந்தோம். அதே மலைச் சரிவில், அதே போன்றதொரு வீட்டில், இதே செயலுக்காகக் கதவு தட்டப்படுமோ என்று அஞ்சிய குடும்பங்கள் இருந்திருக்கும். அடையாறு நண்பர் எழுந்து சென்று வாசற்கதவைப் பார்த்துவிட்டு வந்தார். ஏன் சென்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஒளித்தவர்களும் புதைத்தவனும்

உணவுக்குப் பின் பிள்ளைகள் உறங்கச் சென்றனர். தேநீர் அருந்தியபடி நான் பேச்சைத் தொடர்ந்தேன். மொரிஸ்கோக்கள் நாளடைவில் அரபு பேசும் திறனை இழந்தனர். ஆனால் அரபு எழுத்தை விடவில்லை. ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதி, தொழுகை முறைகளையும் நபிமார் வரலாறுகளையும் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றனர். அவ்வெழுத்து முறை ‘அல்ஹமியாதோ’ எனப்படும். 1884-இல் சரகோசா மாகாணத்தில் அல்மொனாசித் என்ற ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த்தளத்துக்குக் கீழே அத்தகைய கையெழுத்து நூல்கள் குவியலாகக் கிடைத்தன. மதிப்பறியாதவர்கள் சிலவற்றை எரித்தும் விட்டனர். எஞ்சியவை இன்று மத்ரிதில் ஆய்வாளர்களின் பாதுகாப்பில் உள்ளன.

“இது நம்ம அரபுத் தமிழ் மாதிரியே இருக்கே, தம்பி!” என்றார் உம்மா.

ஆம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழைத்தான் அவர் சொன்னார். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகள் இட்டு நம் முன்னோர் அமைத்த முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) எழுதிய மார்க்கச் சட்ட நூலான ‘மகானி’ போன்றவற்றைப் பாட்டிமார்கள் வீட்டுக்கூடத்தில் அமர்ந்து ஓதிப் பொருள் சொன்ன காலம் வெகு தொலைவில் இல்லை. தமிழ் எழுத்து அறியாத எத்தனையோ பெண்மணிகள் அரபுத் தமிழ் வழியே கற்றவர்களாக விளங்கினர்.

உம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “உங்க உம்மாவும் நல்லா ஓதுவாங்களே. அவங்க கிதாபெல்லாம் பத்திரமா இருக்குதா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இருந்தது, சொல்ல நா எழவில்லை.

என் தாயார் மறைந்த பின், வாடகை வீடு மாறும்போது பரணைக் காலி செய்தேன். அவர் பெட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட அரபுத் தமிழ் நூல்கள் இருந்தன. சில அச்சுப் பிரதிகள். இரண்டு கையெழுத்துப் பிரதிகள். ஓரங்கள் செல்லரித்திருந்தன. இறைவனின் திருநாமம் உள்ள தாள்களைப் பழைய பேப்பர் கடைக்குக் கொடுக்கக் கூடாது என்ற பேணுதல் எனக்கு இருந்தது. ஆகவே சிதைந்த ஏடுகளோடு சேர்த்து அனைத்தையும் மண்ணில் அடக்கம் செய்வித்தேன். மரியாதையாகத்தான் செய்தேன். ஆனால் ஒரு பக்கத்தைக்கூட வாசித்துப் பார்க்கவில்லை. வாசிக்க எனக்கு முழுமையாகத் தெரியவும் இல்லை. அரபு தெரியும்; தமிழ் தெரியும்; இரண்டையும் சேர்த்து வைத்திருந்த என் தாயின் எழுத்து எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களின் முன்னிலையில் இதை ஒப்புக்கொண்டேன். ஒரு தாளுக்காக உயிரையே இழக்க நேரிடும் என்று தெரிந்தும், நூல்கள் வாழ வேண்டும் என்று அவர்கள் தளத்தின் கீழ் ஒளித்தார்கள். யாரும் தடுக்காத நாட்டில், மதரஸா ஆசிரியனான நான், வீடு காலியாக வேண்டும் என்று புதைத்தேன். காலையில் மதரஸாவின் தொழுகைக் கூடத்தில் நின்று நான் வருந்தியதெல்லாம் பிறர் செய்த அழிவுக்காக. என் கையால் நிகழ்ந்ததற்காக அதுவரை ஒரு நாளும் வருந்தியதில்லை.

உம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “என்கிட்ட நாலு கிதாபு இருக்கு. என் கண்ணும் இன்னும் இருக்கு. ஊருக்குப் போனதும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

பரணைத் திறந்து பாருங்கள்

ஊர் திரும்பிய மறுவாரம் தொடங்கியது அந்த வகுப்பு. சனிக்கிழமை அஸருக்குப் பின் தி.நகர் வீட்டில் உம்மா அமர்கிறார். முதல் நாள் ஐந்து பிள்ளைகள் வந்தனர். இப்போது ஒன்பது பேர் வருகின்றனர். பத்தாவதாக நானும் கீழே அமர்ந்து எழுத்துக் கூட்டுகிறேன். பிள்ளைகளைவிட நானே அதிகம் தடுமாறுகிறேன். மயிலாப்பூர் நண்பரின் மகள் ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்தாள். வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்தை உம்மா வாசிக்க, காதில் தமிழ் விழுவதைக் கேட்டு அவள் அடைந்த வியப்பு எங்கள் பிள்ளைகளுக்கும் புது ஊக்கம் தந்தது. வகுப்பு முடிந்ததும் சில நாள்களில் சைத்தூன் எண்ணெய்ச் சோறும் உண்டு. கிரனாடாவில் கண்டுபிடித்த பக்குவம் அது என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றனர்.

வாசகச் சகோதர சகோதரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், பாட்டியின் அலமாரியில் அரபு எழுத்தில் உள்ள நூல்கள் இருந்தால், சிதைந்துவிட்டன என்று எண்ணி உடனே அடக்கம் செய்துவிடாதீர்கள். அரபு எழுத்தில் உள்ளதெல்லாம் அரபு மொழியன்று. வாசிக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். ஈரமில்லாத இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பாட்டி இருந்தால், அவர் ஓதுவதைப் பதிவு செய்யுங்கள். அந்தப் படத்தை வாசிக்கும் ஒரு பேரப்பிள்ளையை உருவாக்குங்கள். வாசிப்பவர் இல்லாத நூலைப் பத்திரப்படுத்தி மட்டும் பயனில்லை.

ஸ்பெயின் செல்ல எல்லோராலும் இயலாது. செல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. என் மூத்த ஆசிரியர் மீண்டும் என்னைச் சந்தித்து, “என்ன கொண்டு வந்தீர்கள்?” என்று கேட்டார். மறுநாள் காலை, உம்மாவிடம் இரவல் பெற்ற கிதாபு ஒன்றை அவர் மேசைமீது வைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதற் பக்கத்தைத் திறந்தார். சிறிது நேரம் கழித்து, மெல்லிய குரலில், தடையின்றி ஓதத் தொடங்கினார். அவருக்கு அரபுத் தமிழ் தெரியும் என்பதே இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

அவரும் அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நம் முன்னோர் நமக்காகச் சேர்த்து வைத்ததை நம் கண்முன்னே இழந்துவிடாமல் காக்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!